பைக் எக்ஸாஸ்ட்டில் ஆக்ஸிஜன் சென்சார்: இடம் தேர்வதிலிருந்து சரிபார்ப்பது வரை முழுமையான வழிகாட்டி

ஒற்றைச் சிலிண்டர் பைக் ஒன்றுக்கு வேறு சைலென்சர் மாட்டியபோது, பெட்ரோல் அளவைச் சரிசெய்ய ஒரு வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சாரும் சேர்த்துப் பொருத்தினேன். பெண்ட் பைப்பில், அதாவது என்ஜினிலிருந்து சைலென்சர் வரை வரும் வளைந்த குழாயில், துளை போட மனம் வரவில்லை. சைலென்சரின் வால்பக்கம் கை எளிதாகப் போனது, அங்கேயே வைத்துவிட்டேன். ஐடிலில் மீட்டர் 16.8 காட்டியது, அதாவது எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 16.8 பங்கு காற்று; எண் கூடினால் பெட்ரோல் குறைவு. பெட்ரோல் போதவில்லை என்று நம்பிக் கொஞ்சம் கூட்டினேன். 16.5. இன்னும் கூட்டினேன். நான்காம் நாள் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரியில் புரட்டி எடுத்ததுபோல் இருந்தது. பைக் பின்னால் நின்றால் கண் எரியும் அளவுக்குப் பெட்ரோல் நெடி.

அதே சென்சாரைக் கழற்றி, சிலிண்டர் ஹெட்டிலிருந்து 40 செ.மீ. தள்ளிப் பெண்ட் பைப்பில் வைத்ததும் ஐடிலில் 11.2 என்று வந்தது. நான்கு நாளாகக் கூட்டிய பெட்ரோல் அத்தனையும் அந்த எண்ணில் தெரிந்தது. சென்சாரில் பழுது இல்லை. வால்பக்கத்தில் அது கண்ட ஆக்ஸிஜன் நிஜமான ஆக்ஸிஜன்தான்; ஆனால் அது என்ஜினிலிருந்து வராமல் வெளிக்காற்றிலிருந்து குழாய்க்குள் திரும்பி வந்தது.

அதனால்தான் இந்த வேலையில் சென்சாரின் விலையையும் தரத்தையும்விட அது உட்காரும் இடத்துக்கு முதலிடம் கொடுக்கிறேன். புது எக்ஸாஸ்ட் மாட்டுகிறவர்கள், ட்யூனிங் செய்கிறவர்கள், கம்பெனி சென்சாரை வேறு குழாய்க்கு மாற்றுகிறவர்கள் என எல்லோருக்கும் இது பொருந்தும்.

சென்சாருக்குத் தெரிந்தது ஆக்ஸிஜன் மட்டுமே

இதைப் புரிந்துகொண்டால் மற்ற விதிகளைப் பாதி நீங்களே ஊகித்துவிடலாம். சென்சாரின் முனையில் ஜிர்கோனியம் டையாக்சைடு என்னும் பீங்கான் இருக்கிறது. அதன் ஒரு பக்கம் எக்ஸாஸ்ட் புகை, மறுபக்கம் வெளிக்காற்று. நன்றாகச் சூடானதும் இரண்டு பக்கத்து ஆக்ஸிஜன் வித்தியாசத்துக்கு ஏற்ப அதில் சின்ன மின்னழுத்தம் பிறக்கும். புகையில் ஆக்ஸிஜன் இல்லாவிட்டால் ஏறத்தாழ 0.9 வோல்ட், மிஞ்சியிருந்தால் 0.1 வோல்ட். பெட்ரோலும் காற்றும் சரிக்குச் சரியாக எரிந்த புள்ளியில், அதாவது லாம்ப்டா 1-இல், 0.45 வோல்ட்டைத் தாண்டி மேலும் கீழும் துள்ளும். பாஷ் நிறுவனம் 1976-இல் இதைக் காருக்குக் கொண்டுவந்தது; அடிப்படை வேலைமுறை இன்றும் அதேதான்.

ஆக, பெட்ரோல் எவ்வளவு போனது என்று சென்சாருக்குத் தெரியாது. தன் மூக்குக்கு முன்னால் எவ்வளவு ஆக்ஸிஜன் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். குழாயில் ஒரு நூல் அளவு விரிசல் வழியாகக் காற்று புகுந்தாலும் லீன், அதாவது பெட்ரோல் குறைவு, என்று சொல்லும். பிளக் ஒருமுறை பற்றாமல் விட்டால், எரியாத பெட்ரோலோடு ஆக்ஸிஜனும் அப்படியே வெளியே வரும். அப்போதும் லீன் என்றே சொல்லும். பெட்ரோல் வழிகிற அளவுக்கு ரிச் ஆகி மிஸ்ஃபயர் ஆகிற என்ஜின்கூட மீட்டரில் லீன் போலத் தெரிவது இதனால்தான்.

அதனால் இடம் தேடும்போது மூன்று விஷயங்களைப் பார்க்கிறோம்: முனைக்கு வரும் புகை கலப்படம் இல்லாமல் இருக்க வேண்டும், போதுமான சூடு வேண்டும், தண்ணீர் படக் கூடாது.

படி 1: கையில் இருப்பது எந்த சென்சார்?

கம்பெனியிலிருந்து வரும் பைக்குகளில் பெரும்பாலும் நாரோபேண்ட் சென்சார். லாம்ப்டா 1-க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை மட்டும், பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் கணினியான இசியூவுக்குச் சொல்லும். இதிலும் இரண்டு வகை. ஒற்றை ஒயரோடு வருவதில் ஹீட்டர் கிடையாது, புகையின் சூட்டை மட்டுமே நம்பியிருக்கிறது. 300 டிகிரி செல்சியஸ் தாண்டினால்தான் இது வாய் திறக்கும். ஸ்கூட்டர்களிலும் சிறிய பைக்குகளிலும் இதை வால்வுக்கு வெகு அருகில், சிலவற்றில் சிலிண்டர் ஹெட்டிலேயே வைத்திருப்பதன் காரணம் இதுதான். நான்கு ஒயர் வகையில் ஹீட்டர் இருப்பதால் கொஞ்சம் தள்ளி வைக்கலாம்.

ட்யூனிங்குக்கு வைட்பேண்ட். பரவலாகக் கிடைப்பது பாஷ் எல்எஸ்யூ 4.2, எல்எஸ்யூ 4.9 இரண்டும். எவ்வளவு ரிச், எவ்வளவு லீன் என்று எண்ணாகவே சொல்லும். இதன் பீங்கானைக் கன்ட்ரோலர் 700 டிகிரிக்கு மேல் ஒரே சூட்டில் பிடித்து வைக்கிறது. அதனால் இதற்குக் குளிரைவிட அதிகச் சூடுதான் எதிரி.

மரையையும் இப்போதே பார்த்துவிடுங்கள். பெரிய சென்சார்களில் 18 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. பிட்ச். பல பைக்குகளில் வரும் சிறியதில் 12 மி.மீ., 1.25 பிட்ச். சந்தையில் வாங்கும் எக்ஸாஸ்ட்டுகளில் 18 மி.மீ. துளை இருந்து, உங்கள் சென்சார் 12 மி.மீ. என்றால், நடுவில் குறைப்பு வளையம் ஒன்று போடுவார்கள். போடலாம், ஆனால் அது சென்சாரை வெளியே தள்ளிவிடும். முனை குழாய்க்குள் எட்டிப் பார்க்கிறதா என்று அளந்த பிறகே முடிவெடுங்கள்.

படி 2: குழாயின் நீளத்தில் எங்கே?

கவனம் அதிகம் வேண்டிய இடம் இது.

வால்விலிருந்து புகை சீராக ஓடி வருவதில்லை. ஒவ்வொரு முறை வால்வு திறக்கும்போதும் ஓர் அழுத்த அலை குழாயில் ஓடுகிறது. திறந்த வாயை அடைந்ததும் அது உறிஞ்சும் அலையாகத் திரும்பி வருகிறது. ஐடிலிலும் குறைந்த ஆர்பிஎம்மிலும் இரண்டு வெடிப்புகளுக்கு இடையே நீண்ட நேரம் இருப்பதால், அந்தத் திரும்பும் அலை வெளிக்காற்றைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டு வரும். ஒற்றைச் சிலிண்டரில் இது அதிகம், நான்கு சிலிண்டரில் குறைவு. சின்ன, நேரான, தடுப்பில்லாத சைலென்சரில் மிக அதிகம். என் 16.8-க்குக் காரணம் இந்த மூச்சுதான்.

ஆகவே திறந்த வாயிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம். 60 செ.மீ. கிடைத்தால் நிம்மதி. அந்தத் தூரமே இல்லாத குட்டைக் குழாய்களில் ஐடில் எண்ணை நம்பாதீர்கள். பாதி த்ராட்டிலுக்கு மேல் வரும் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டம் வலுவாகும்போது அந்தத் திரும்பும் காற்று சென்சார்வரை வர முடியாது.

அப்படியானால் ஹெட்டை ஒட்டியே வைத்துவிடலாமே என்று தோன்றும். ஹீட்டர் இல்லாத நாரோபேண்டுக்கு அது சரி. 10 முதல் 20 செ.மீ.க்குள் வையுங்கள். வைட்பேண்டுக்கு அது ஆகாது. முழு லோடில் பெண்ட் பைப்பின் தொடக்கத்தில் புகை 800 டிகிரியைத் தாண்டலாம். பீங்கான் தாங்கினாலும் சென்சாரின் ஸ்பேனர் பிடிக்கும் ஆறுமுகப் பகுதியும் அதற்கு மேலே ஒயர் நுழையும் ரப்பரும் அந்தச் சூட்டைத் தாங்காது. எல்எஸ்யூ 4.9-இல் ஆறுமுகப் பகுதிக்கு எல்லை ஏறத்தாழ 600 டிகிரி. ரப்பர் பக்கத்துக்கு அதில் பாதிக்கும் குறைவு. வைட்பேண்டை ஹெட்டிலிருந்து 30 முதல் 60 செ.மீ. தூரத்தில் வைப்பது நல்ல சமரசம். இடமில்லாமல் முன்னே வைக்க நேர்ந்தால், சூட்டை வெளியே கடத்தும் இறக்கைகள் கொண்ட உயரமான மரை வளையத்தை (குழாயில் வெல்ட் செய்து சென்சாரை முறுக்கும் வளையம்) போட்டுச் சென்சாரைக் கொஞ்சம் தூக்கி வையுங்கள்.

தள்ளி வைக்கும்போது தாமதத்தையும் யோசியுங்கள். சின்ன என்ஜினில் ஐடிலில் புகை குழாயில் வினாடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர் வேகத்தில்தான் நகர்கிறது. ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் சென்சாருக்குச் செய்தி போய்ச் சேர அரை வினாடி ஆகும். மீட்டர் பார்ப்பவருக்கு அது பெரிய விஷயமில்லை. ஆனால் கம்பெனி இசியூ ஓட்டத்திலேயே பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. அது எதிர்பார்க்கும் தாமதம் கம்பெனி இடத்துக்கு உரியது. நாரோபேண்டை இடம் மாற்றுகிறவர்கள் பழைய இடத்தின் தூரத்தை டேப் வைத்து அளந்து, புதுக் குழாயிலும் அதற்குச் சில செ.மீ.க்குள் வைக்கப் பாருங்கள்.

புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் இருந்தால் சென்சார் அதற்கு முன்னால்தான். கன்வர்ட்டர் மிச்ச ஆக்ஸிஜனைத் தன் வேலைக்கு எடுத்துக்கொள்வதால், அதைத் தாண்டி வரும் புகை என்ஜினின் நிலையைச் சொல்லாது. சில பைக்குகளில் கன்வர்ட்டருக்குப் பின்னாலும் ஒரு சென்சார் இருக்கும். அது கன்வர்ட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்கும் காவல்காரன், அதைத் தொடாதீர்கள். டர்போ வைத்த என்ஜினில் டர்போவுக்குப் பின்னால் வையுங்கள். முன்னால் அழுத்தம் மிக அதிகம், வைட்பேண்டின் கணக்கு அழுத்தத்தில் பிசகும்.

இணைப்புகளையும் பாருங்கள். ஒரு குழாய்க்குள் இன்னொன்று நுழையும் ஸ்லிப் ஜாயிண்ட்டுக்கு முன்னால் வைப்பதே பாதுகாப்பு. அந்த இணைப்பில் கசிவு இல்லாத பைக்கை நான் அதிகம் பார்த்ததில்லை. வளைவு முடிந்த உடனே வைக்காமல், நேராக ஓடும் பகுதியில் 5 செ.மீ.யாவது தள்ளி வையுங்கள். வளைவின் உள்பக்கம் புகை சுழன்று தேங்கும். வெளிப்பக்கம் நேரே மோதும்.

படி 3: எந்தச் சிலிண்டரின் குழாயில்?

ஒற்றைச் சிலிண்டர்க்காரர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

நான்கு குழாய்கள் ஒன்றுசேரும் இடத்துக்குப் பின்னால் வைத்தால் நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரு சராசரி கிடைக்கும். அன்றாட ட்யூனிங்குக்கு இது போதும். ஆனால் சராசரியில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது: மூன்று சிலிண்டர் 13 காட்டி, இன்ஜெக்டர் அடைத்த ஒன்று மட்டும் 15 என்று ஓடினாலும் மீட்டரில் 13.5 என்று அழகாகத் தெரியும். அந்த ஒரு பிஸ்டன் வெந்துகொண்டிருக்கும். சந்தேகம் வந்தால் ஒவ்வொரு பெண்ட் பைப்பிலும் ஒரு துளை போட்டு மரை மூடியால் மூடி வைத்து, சென்சாரை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது நல்ல பழக்கம். சென்சார் குழாய்கள் சேரும் முனையிலேயே இல்லாமல் சற்றுப் பின்னால் இருக்கட்டும், புகைகள் கலந்து வர இடம் வேண்டும்.

வி-ட்வின் என்ஜினில் முன் சிலிண்டரும் பின் சிலிண்டரும் ஒரே மாதிரி சுவாசிப்பதில்லை. பின்னது சூடாகவும் ஓடும். அதனால் இரண்டு குழாயிலும் தனித்தனி சென்சார். ஹார்லி டேவிட்சன் இப்படித்தான் செய்கிறது. அதன் டூரிங் மாடல்களில் 2007 முதல் 2009 வரை 18 மி.மீ. சென்சாரும், 2010 முதல் 12 மி.மீ. சென்சாரும் வருகின்றன. பழைய எக்ஸாஸ்ட்டைப் புது பைக்குக்கு மாற்றும்போது இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். இரண்டு குழாயையும் இணைக்கும் குறுக்குக் குழாய் இருந்தால், அதற்கு முன்னால் சென்சார் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வீட்டுப் புகையும் சேர்ந்து வரும்.

டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்கு இந்த வழியை நான் சொல்ல மாட்டேன். புதிய காற்று-பெட்ரோல் கலவையில் ஒரு பங்கு எரியாமலே எக்ஸாஸ்ட் வழி ஓடிவிடும். அந்த ஆக்ஸிஜனைச் சென்சார் லீன் என்று படிக்கும். எண்ணெய்ப் புகை முனையையும் சீக்கிரம் மூடிவிடும். அங்கே பிளக்கின் நிறமும் புகையின் வெப்பநிலையும்தான் நம்பகமான வழி.

படி 4: சாய்வு

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கிறது. ஓடும்போது ஆவியாகப் போய்விடும். ஆனால் குளிர்ந்த குழாயில் முதல் சில நிமிடங்கள் அது துளித்துளியாகப் படியும். காலையில் ஸ்டார்ட் செய்தால் சைலென்சர் வாயில் சொட்டுவது அதுதான். சென்சாரின் பீங்கான் சிவக்கச் சூடேறிய நேரத்தில் ஒரு துளி பட்டால் போதும், மயிர்க்கோடாக விரிசல் விடும். வெளியே எந்த அடையாளமும் தெரியாது. மீட்டர் மட்டும் கண்டபடி காட்டும், அல்லது ஒரே எண்ணில் நின்றுவிடும்.

அதனால் சென்சாரின் முனை கீழ்நோக்கியும் ஒயர் மேல்நோக்கியும் இருக்க வேண்டும். கிடைமட்டத்திலிருந்து குறைந்தது 10 டிகிரி சாய்வு. படுத்து ஓடும் குழாயை வெட்டுமுகமாகப் பார்த்துக் கடிகாரமாக எண்ணிக்கொள்ளுங்கள்: 10 மணிக்கும் 2 மணிக்கும் இடையே எங்கும் வைக்கலாம். 3 மணி, 9 மணி நேர்க்கோடு கூடாது. அடிப்பக்கம் அறவே கூடாது; குழாயில் வழியும் தண்ணீர் முழுக்கச் சென்சாரின் கிண்ணத்தில் போய்த் தங்கும். நேர் உச்சியில், 12 மணியில், தண்ணீர் தொல்லை இல்லை. ஆனால் பைக்கை நிறுத்தியதும் எழும் சூடு நேரே ஒயர் ரப்பருக்குப் போகும். 11 மணி அல்லது 1 மணி எனக்குப் பிடித்த இடம்.

என்ஜின் முன்னால் செங்குத்தாக இறங்கும் பெண்ட் பைப்பில் இந்தக் கடிகாரம் உதவாது. அங்கே சென்சார் பக்கவாட்டில்தான் நிற்க முடியும். அப்போது வளையத்தையே சாய்த்து வெல்ட் செய்து, முனை தாழ்ந்தும் ஒயர்ப்பக்கம் உயர்ந்தும் இருக்கும்படி 10 டிகிரி கொண்டுவர வேண்டும். 15 டிகிரி வைத்தால் கைப்பிழைக்கும் இடம் கிடைக்கும். போனில் உள்ள சாய்வுமானியை சென்சார் உடம்போடு ஒட்டிப் பிடித்தால் எண் தெரிந்துவிடும். பைக் சைடு ஸ்டாண்டில் இல்லாமல் நிமிர்ந்து நிற்கும்போது அளந்து பாருங்கள். புகை ஓடும் திசைக்கு எதிராக முனை நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒருபோதும் சாய்க்காதீர்கள்.

படி 5: முனை எவ்வளவு உள்ளே?

குழாயின் சுவரை ஒட்டி ஓடும் புகை மெதுவானது, ஆறியது. நடுவில் ஓடுவதுதான் உண்மையான புகை. முனையில் உள்ள சின்னத் துளைகள் எல்லாம் குழாய்க்குள் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ச்சுவரை எட்டும் அளவுக்குப் போனால் சிறிய என்ஜினின் ஓட்டத்தையே அது மறிக்கும். 28 மி.மீ. உள்விட்டக் குழாயில் 18 மி.மீ. சென்சார் ஒரு குச்சியைக் குறுக்கே வைத்தது போலத்தான். அங்கே உயரமான வளையம் போட்டு முனையை வெளியே இழுங்கள். 45 மி.மீ.க்கு மேல் உள்ள குழாயில் தட்டையான வளையம் போதும்.

நாசித்துவாரம் மாதிரி துளைகள் வளையத்துக்குள்ளேயே புதைந்து நிற்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. அங்கே பழைய புகை தேங்கி நிற்கும். மீட்டர் சோம்பேறியாக நகரும்.

படி 6: வெட்டுவதற்கு முன் பொய்யாக ஒருமுறை மாட்டுங்கள்

காகிதத்தில் சரியான இடம் பைக்கில் தவறான இடமாக இருக்கலாம். தேர்ந்த இடத்தில் மார்க்கரால் குறியிட்டு, பழைய சென்சாரையோ அதே நீளக் குச்சியையோ டேப் போட்டு ஒட்டுங்கள். ஒயரின் வளைவுக்காகச் சென்சாரின் தலைக்கு மேல் இன்னும் 4, 5 செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். முன் பிரேக்கைப் பிடித்து ஃபோர்க்கை அமுக்குங்கள். முன்சக்கரமும் மட்கார்டும் குழாய்க்கு எவ்வளவு நெருங்கி வருகின்றன என்று பாருங்கள். பின்னால் ஒருவரை உட்காரவைத்துச் சஸ்பென்ஷன் இறங்கும்போது ஸ்விங் ஆர்ம் எங்கே வருகிறது? சைடு ஸ்டாண்ட் மடங்கும் பாதை, கியர் லிவர், பிரேக் பெடல், ரேடியேட்டர் ஃபேன், எண்ணெய் வடிக்கும் போல்ட் எல்லாம் பார்த்தாக வேண்டும். பூட்ஸ் போட்ட கால் உரசுமா? பைக்கை வளைவில் சாய்க்கும்போது தரையில் முதலில் தட்டுவது சென்சாராக இருந்துவிடக் கூடாது. முன்சக்கரம் வாரி அடிக்கும் தண்ணீர் நேரே படும் இடமும் வேண்டாம். உள்ளே துளி படுவதுபோலவே வெளியே தண்ணீர் அடித்தாலும் சூடான சென்சாருக்கு ஆபத்துதான்.

இந்த அரைமணி நேரத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். போட்ட துளையை மூடுவது போடுவதைவிடப் பெரிய வேலை.

படி 7: துளையும் வெல்டிங்கும்

குழாயைக் கழற்றி வெளியே எடுத்துச் செய்யுங்கள். பைக்கில் வைத்தே துளைத்தால் இரும்புத் தூள் உள்ளே விழும். வைத்தே வெல்ட் செய்தால் மின்னோட்டம் இசியூ வழியாகப் போய்ச் சேர வாய்ப்புண்டு. கழற்ற முடியாத நிலை என்றால் பேட்டரி முனைகளையும் இசியூ கப்ளரையும் பிரித்துவிட்டு, எர்த் கிளாம்ப்பை வெல்ட் செய்யும் இடத்துக்கு அருகிலேயே குழாயில் மாட்டுங்கள்.

பங் என்று சொல்லும் மரை வளையத்தைக் குழாயின் உலோகத்துக்கு ஏற்ப வாங்க வேண்டும்: இரும்புக்கு இரும்பு, ஸ்டெயின்லெஸுக்கு ஸ்டெயின்லெஸ், டைட்டானியத்துக்கு டைட்டானியம் மட்டுமே. படிவைத்த வளையமாக இருந்தால் அதன் உள்படியின் வெளிவிட்டத்தைக் காலிப்பரால் அளந்து, அந்த அளவுக்கே துளை போடுங்கள். சென்டர் பஞ்ச் வைத்து ஒரு தட்டு, 4 மி.மீ. துளை, பிறகு ஸ்டெப் டிரில்லால் மெதுவாகப் பெரிதாக்குங்கள். விளிம்பில் நிற்கும் பிசிறை உள்ளும் புறமும் அரத்தால் எடுத்துவிடுங்கள். உள்ளே விட்ட ஒரு சின்னப் பிசிறு ஒருநாள் பிய்ந்து போய்க் கன்வர்ட்டரின் தேன்கூட்டில் அடிக்கும்.

வெல்டிங் சூட்டில் வளையம் சற்றுக் கோணும். மரை முட்டை வடிவமாகிவிடும். அதைத் தடுக்க, மரையில் பழைய செத்த சென்சாரையோ பித்தளை மூடியையோ முறுக்கி வைத்துக்கொண்டு வெல்ட் செய்யுங்கள். நல்ல சென்சாரை அந்த இடத்துக்கு அருகிலேயே கொண்டுவராதீர்கள். முதலில் எதிரெதிரே நான்கு புள்ளி வைத்து, சாய்வைப் போனில் மறுபடியும் பார்த்து, அப்புறம் கால்வட்டம் கால்வட்டமாக, ஆறவிட்டுச் சுற்றி முடியுங்கள். டிக் வெல்டிங் சிறந்தது. ஸ்டெயின்லெஸிலும் டைட்டானியத்திலும் குழாயின் உட்பக்கமும் ஆர்கான் வாயு நிரப்பிச் செய்யச் சொல்லுங்கள்; இல்லாவிட்டால் உள்ளே வெல்ட் சர்க்கரைப் பாகு உறைந்ததுபோல் கரடாகி, நாளடைவில் விரிசல் விடும்.

ஆறிய பிறகு மரைக்குள் சென்சார் கையாலேயே கடைசிவரை ஏற வேண்டும். இறுகினால் சரியான அளவுள்ள, மரை வெட்டும் டேப் கருவி கொண்டு மரையைச் சுத்தம் செய்யுங்கள். ஸ்பேனர் போட்டுத் திணிக்காதீர்கள்.

வெல்ட் இல்லாமல் கிளாம்ப் போட்டுப் பொருத்தும் வளையங்களும் உண்டு. ஒருநாள் சோதனைக்கு அவை சரி. பைக்கின் அதிர்வில் நெடுநாள் கசியாமல் நிற்கும் என்று நான் நம்பவில்லை.

படி 8: மாட்டுவதும் ஒயரும்

புதுச் சென்சாரின் மரையில் பெரும்பாலும், மரை இறுகிப் பிடிக்காமல் காக்கும் ஆன்டி-சீஸ் பசை தடவியே வரும். இல்லாவிட்டால் சென்சாருக்கு ஒத்துக்கொள்ளும் பசையை மரையில் மட்டும் மெல்லப் பூசுங்கள்; முனையில் ஒரு பொட்டுகூடப் படக் கூடாது. சாதாரண சிலிக்கான் கேஸ்கெட் பசையை எக்ஸாஸ்ட்டிலோ என்ஜினிலோ பயன்படுத்தினால் அதன் ஆவி சென்சாரைக் கொன்றுவிடும். ஈயம் கலந்த ரேஸ் பெட்ரோலும் அப்படியே.

18 மி.மீ. சென்சாருக்கு 40 முதல் 60 நியூட்டன் மீட்டர் முறுக்கு. 12 மி.மீ.க்கு அதில் பாதிகூட வேண்டியதில்லை. பைக்கின் சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்ணைப் பாருங்கள். பக்கவாட்டில் வெட்டுள்ள சென்சார் சாக்கெட் பயன்படுத்தினால் ஒயர் முறுகாது. கீழே விழுந்த சென்சாரை மாட்டாதீர்கள், உள்ளே பீங்கான் உடைந்திருக்கலாம்.

ஒயரைக் குழாயிலிருந்து விலக்கி, ஃபிரேமோடு கட்டுங்கள். சென்சாரிலிருந்து வெளிவரும் முதல் 10 செ.மீ.யில் தளர்வான ஒரு வளைவு விடுங்கள். இழுத்துக் கட்டினால் அதிர்வில் உள்ளே இணைப்பு அறும். இக்னிஷன் காயில் ஒயரோடு சேர்த்து ஓட்டாதீர்கள். பல சென்சார்களில் பீங்கானின் மறுபக்கத்துக்கு வேண்டிய வெளிக்காற்று ஒயரின் இழைகளுக்கு நடுவே ஊர்ந்துதான் போகிறது. எனவே ஒயரை நீட்ட வேண்டுமானால் ஈயம் வைத்துப் பற்றாமல் கிரிம்ப் செய்யுங்கள். கப்ளருக்குள் கிரீஸ் அடைக்காதீர்கள்.

வைட்பேண்டின் ஹீட்டர் தொடக்கத்தில் சில ஆம்பியர் இழுக்கும். இக்னிஷனோடு இயங்கும் ரிலே வழியாக, தனி ஃபியூஸோடு கொடுங்கள். சாவி போட்ட உடனே ஸ்டார்ட் செய்யுங்கள். ஈரக் குழாயில் ஹீட்டரை மட்டும் ஓடவிட்டு நிறுத்தி வைப்பது நல்லதல்ல. நேர்மாறானது இன்னும் மோசம்: மின்சாரம் இல்லாத வைட்பேண்டைக் குழாயில் விட்டுவிட்டு பைக்கை ஓட்டினால் கரி படிந்து சீக்கிரமே வீணாகும். ட்யூனிங் முடிந்ததும் கழற்றி, மரை மூடி போடுங்கள்.

படி 9: இடம் சரிதானா என்று பார்ப்பது

முதலில் கசிவு. என்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, சைலென்சர் வாயைத் தடித்த துணியால் பாதி மறையுங்கள். ஹெட்டிலிருந்து சென்சார்வரை எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் பூசிப் பாருங்கள். நுரை கிளம்பும் இடம் கசியும் இடம். சென்சாருக்கு முன்னால் ஒரு கசிவு இருந்தாலும் மற்ற சோதனைகளுக்கு அர்த்தமில்லை.

அடுத்தது பலர் மறந்துபோவது. பல பைக்குகளில் ஏர் பாக்ஸிலிருந்து எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குப் புதுக்காற்று அனுப்பும் ஒரு குழல் உண்டு. கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும், வேலை ஒன்றே: மிஞ்சிய பெட்ரோலைக் குழாயிலேயே எரிப்பது. ஐடிலில் அந்த ரப்பர் குழலைக் கவ்வியால் அழுத்திப் பிடியுங்கள். மீட்டர் 15-லிருந்து 13-க்கு விழுந்தால் நீங்கள் இதுவரை பார்த்தது அந்தக் காற்றைத்தான். ட்யூனிங் முடியும்வரை அதை அடைத்து வைத்து, முடிந்ததும் திறந்துவிடுங்கள்.

வால்பக்கக் காற்று திரும்புகிறதா என்று கண்டுபிடிக்க நான் செய்வது: சைலென்சர் வாயின் அளவுக்கே உள்ள ஒரு முழ நீள இரும்புக் குழாயைக் கையுறை போட்டு வாயோடு சேர்த்துப் பிடிப்பேன். ஐடில் எண் உடனே ரிச் பக்கம் நகர்ந்தால், சென்சார் வெளிக்காற்றையும் சேர்த்து முகர்கிறது என்று அர்த்தம். நகராவிட்டால் இடம் நல்ல இடம்.

பிறகு ஓட்டிப் பாருங்கள். த்ராட்டிலை முழுக்க மூடி கியரிலேயே வேகம் குறைக்கும்போது, இன்ஜெக்ஷன் பைக்குகளில் பெரும்பாலானவை பெட்ரோலை நிறுத்திவிடும். அப்போது மீட்டர் லீன் பக்கம் கடைசிவரை போக வேண்டும். முழு த்ராட்டிலில் பெட்ரோல் என்ஜின் 12.5-க்கும் 13.2-க்கும் இடையே நிற்க வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் சரிக்குச் சரியான புள்ளியே 14.7-லிருந்து இறங்கிவிடும், 10 சதவீதக் கலவையில் ஏறத்தாழ 14.1. அதனால் மீட்டரை லாம்ப்டாவில் வைத்துப் படிப்பது குழப்பம் குறைந்த வழி: எந்தக் கலவையிலும் 1 என்றால் 1தான், முழு பலத்துக்கு 0.85 முதல் 0.9.

கம்பெனி நாரோபேண்ட் என்றால் டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். என்ஜின் நன்றாகச் சூடான பின் 3000 ஆர்பிஎம் பிடித்தால் சிக்னல் ஒயரில் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்க வேண்டும். ஐடிலில் சில நிமிடம் விட்டதும் துள்ளல் அடங்கி ஒரே எண்ணில் நின்றால் சென்சார் குளிர்ந்துபோகிறது; ஹெட்டுக்கு இன்னும் அருகில் வர வேண்டும், அல்லது ஹீட்டர் உள்ளதாக மாற்ற வேண்டும். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் முதலில் ஹீட்டர் ஒயர்களுக்கு இடையிலான ஓமைப் பாருங்கள். நான்கு ஒயரில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டுதான் பெரும்பாலும் ஹீட்டர்.

கடைசியாக, 200 கி.மீ. ஓடிய பிறகு, குழாய் முழுக்க ஆறியதும் சென்சாரைக் கழற்றி முனையைப் பாருங்கள். மெல்லிய பழுப்போ சாம்பலோ இருந்தால் நல்லது. ஒரு பக்கம் மட்டும் கறுத்து மறுபக்கம் வெளுத்திருந்தால் புகை சாய்வாக மோதுகிறது, வளைவுக்கு மிக அருகில் இருக்கிறீர்கள். மரைக்கு அருகே துருநிறத் தண்ணீர்க் கோடு தெரிந்தால் சாய்வு போதவில்லை. மழைக்காலத்துக்கு முன் அந்த வளையத்தை வெட்டி எடுத்துக் கொஞ்சம் மேலே வையுங்கள்.